வெள்ளவத்தை ஆதியாகம வகுப்பு: 2,500 ரூபாய்க்குத் தகுமா?

தகும். ஆனால் சில குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஒரு தேவாலய மண்டபத்தில் வியாழன் மாலைகளில் நடக்கிறது. தமிழில்தான். பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள் மட்டும். உலகத்தை ஆள்வது யார், அதில் மனிதனுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. நான் சைவன்; அரசாங்கக் கச்சேரியில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வுபெற்றவன். மேல்மாடி ரீச்சர் அக்கா, "அதிகாரத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள், உங்களுக்குப் பிடிக்கும் தம்பி" என்று சொல்லிப் பெயரைப் பதிந்துவிட்டார்.

படிப்பிப்பவர் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர். பிரசங்கக் குரல் இல்லை. முதல் வகுப்பிலேயே பாபிலோனியரின் படைப்புக் கதையான எனூமா எலிஷை எடுத்துவிட்டார். பழைய அசீரிய நகரமான நினிவேயின் இடிபாடுகளில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ள கதை. மர்துக் என்ற தேவன் கடல் தெய்வமான தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தைச் செய்கிறான். அவள் பக்கம் நின்று தோற்ற கிங்கு என்ற தேவனின் இரத்தத்தில் மனிதன் உண்டாகிறான். தேவர்களின் வேலைச் சுமையை அவன்தான் தூக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு ஆதியாகமம் 1ஐத் திறந்தால் வித்தியாசம் கண்ணில் குத்துகிறது. யுத்தம் கிடையாது. கடவுள் சொல்கிறார், ஆகிறது. எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. அப்படிப்பட்டவர் கடைசியில் தன் சாயலில் மனிதரைப் படைத்து, மீனையும் பறவையையும் மிருகத்தையும் ஆளச் சொல்லி அவர்கள் கையில் கொடுக்கிறார்.

இந்தச் 'சாயல்' விஷயத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தார், அது நல்லது. 1979இல் சிரியாவின் தெல் பெகேரியேயில் கிடைத்த ஓர் அரசனின் சிலையைப் படமாகக் காட்டினார். அந்தக் காலத்து அரசர்கள் தங்கள் சிலையைக் கோயிலிலும் கைப்பற்றிய நாட்டிலும் நிறுத்திவைப்பார்கள். எகிப்தில் கடவுளின் சாயல் என்ற பட்டம் பார்வோனுக்கு உரியது. ஆதியாகமமோ அதை ஆண், பெண் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது. ஓர் அரசனுக்கு இது பிடித்திருக்குமா என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் சிரிப்பு. 2022 ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்ததைப் பார்த்த ஊர் அல்லவா.

எனக்குப் பட்டது இதுதான்: மனிதனுக்குக் கிடைத்தது பதில் கடமை நியமனம். வேறொருவரின் நாற்காலியில் உட்காரலாம், கையெழுத்து வைக்கலாம், காரியாலயத்தை விற்க முடியாது. நியமனக் கடிதத்திலேயே எல்லை போட்டிருக்கிறது. முதல் அதிகாரம் 29ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆளச் சொன்ன வாய் மூடுமுன் சாப்பாட்டுக்கு விதையும் பழமும்தான் என்கிறது. இறைச்சிக்கு அனுமதி நோவா காலத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 9ஆம் அதிகாரத்தில்தான். இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கிற வேலை, கூடவே ஒரு மரத்துக்குத் தடை. அப்புறம் முதல் அதிகாரத்தில், படைப்பின் நாலாம் நாளில், மனிதனுக்கு முன்னமே, சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஆளும் பொறுப்பு வந்துவிடுகிறது. அவை எதையும் பிடுங்குவதில்லை, வெளிச்சம் கொடுக்கின்றன. நல்ல அரசன் எளியவனின் வழக்கைக் கேட்பவன் என்கிற பைபிளின் 72ஆம் சங்கீதத்தையும் போதகர் இதோடு சேர்த்து வாசித்தார்.

சூழல் சீரழிவுக்கு இந்தப் படைப்புக் கதையிலிருந்து வளர்ந்த மேற்கத்தியக் கிறிஸ்தவச் சிந்தனையே வேர் என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையையும் மறைக்காமல் எடுத்துவைத்தார். அன்றுதான் வகுப்பு சூடுபிடித்தது. முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணொருவர் எழுந்தார். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகளும் செத்த ஆமைகளும் ஒதுங்கியபோது கடலை ஆண்டுகொண்டிருந்தது யார் என்று கேட்டார். போதகர் பதிலை அவசரப்படுத்தவில்லை. நல்ல வாத்தியாருக்கு அது அடையாளம்.

இனிக் குறைகள். போட்டோ கொப்பி எழுத்து எறும்பு மாதிரி. ஒலிவாங்கி இரைகிறது. உலகைப் படைத்த ஆறு நாள் என்பது இருபத்துநாலு மணி நேர நாளா என்று இரண்டு பேர் ஒரு மாலை முழுவதையும் விழுங்கினார்கள். போதகர் வெட்டியிருக்க வேண்டும்.

பெரிய குறை வேறு. ஆளச் சொன்ன பட்டியலில் மீன் இருக்கிறது, பறவை இருக்கிறது, ஊர்வன வரை இருக்கின்றன. மனிதன் இல்லை. மனிதனை மனிதன் ஆளலாம் என்று அந்த இரண்டு அதிகாரத்தில் ஓரிடத்திலும் கிடையாது. புருஷன் பெண்சாதியை ஆள்வான் என்பது மூன்றாம் அதிகாரத்தில், தடுத்த பழத்தைச் சாப்பிட்டுக் காரியம் கெட்ட பிறகு வருகிறது. ரீச்சர் அக்கா இதைத்தான் கேட்டார். போதகர், "அது இந்த வகுப்பின் எல்லைக்கு வெளியே" என்று சிரித்து நழுவிவிட்டார். இந்த நாட்டில் இருந்துகொண்டு அதிகாரத்தைப் பற்றிக் கதைக்கிறவர் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அக்கா வீடு வரும் வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

கார் கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடமில்லை. பஸ்ஸில் போய் நடப்பதே சுகம். பிளேன்டீயும் மாலுபணிசும் கட்டணத்துக்குள் அடக்கம். மதம் மாற்றுகிற பேச்சு ஒரு சொல்கூட இல்லை, சைவக் குடும்பங்கள் பயப்பட வேண்டாம். மூன்றாம் அதிகாரத்துக்குத் தனி வகுப்புத் தொடங்கச் சொல்லி அக்கா கையெழுத்துச் சேர்க்கிறார். என்னுடையதைப் போட்டுவிட்டேன், பணமும் கட்டுவேன்.