அட்டமத்துச் சனியா, நாலு மாவட்டக் கணக்கா?

பெரியப்பா வீட்டு விறாந்தையில் ஒரே ஆணியில் இரண்டு பஞ்சாங்கம் தொங்கும். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம், கிரகம் நிற்கும் இடத்தைக் கணிக்கிற இரண்டு முறை. விரதம், திருவிழாவுக்கு வாக்கியம், சாதகம் கணிக்கத் திருக்கணிதம் என்பது அவர் வைத்திருந்த சட்டம். 2014 டிசம்பரில் ஒருநாள் இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மகிந்த ராஜபக்ச மூன்றாம் முறையும் வெல்வாரா என்பது கேள்வி.

"சாதகம் இல்லாமல் எப்பிடிப் பாக்கிறியள்?"

"பிறந்த திகதி இருக்குதெல்லோ. காணும்."

1945 நவம்பர் 18. அன்று முழுநாளும் சந்திரன் மேடத்தில்தான் நின்றது. பிறந்த நேரம் தெரியாவிட்டாலும் ராசி மாறாது. அசுவினியா பரணியா என்பதுதான் நேரத்தோடு மாறும். மேடத்துக்கு எட்டாமிடம் விருச்சிகம். அங்கே சனி வந்தால் அட்டமத்துச் சனி, பதவியில் இருப்பவனுக்கு ஆகாது. திருக்கணிதப்படி சனி 2014 நவம்பர் 2ஆம் திகதியே விருச்சிகத்துக்குள் போய்விட்டது. வாக்கியத்தில் அது டிசம்பர் நடுப்பகுதிவரை துலாத்தில். மகிந்த தேர்தலை அறிவித்தது நவம்பர் 20. ஆக, ஒரு பஞ்சாங்கத்தில் அவர் அட்டமத்துச் சனிக்குள் நின்று அறிவித்தார், மற்றதில் அதற்கு முதல். வாக்களிப்பு நாளான 2015 ஜனவரி 8 வரும்போது இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயின. சனி எட்டில்.

எதிரில் நின்ற மைத்திரிபால சிறிசேன பிறந்தது 1951 செப்டம்பர் 3. பெரியப்பா கன்னி ராசி என்று எடுத்தார். கன்னிக்கு விருச்சிகம் மூன்றாமிடம். ஏழரைச் சனி கழிந்து ஆள் மூச்சு விடுகிற இடம்.

"ஆள் கவிழும்," என்றார் பெரியப்பா. பஞ்சாங்கத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

அதே சனியை, அதே கிழமைகளில், கொழும்பில் இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனாதிபதியின் ஆஸ்தான சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன. பதவிக்காலம் இன்னும் இரண்டு வருடம் கிடந்தும் இப்போதே தேர்தலுக்குப் போகலாம் என்று நாள் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். வெற்றி நிச்சயம் என்று வெளிப்படையாகவே சொன்னார். முடிவு ஊரறிந்தது. சிறிசேன 51.28 சதவீதம், மகிந்த 47.58. வித்தியாசம் 449,072 வாக்கு.

அப்போ பெரியப்பா வென்றார், ஆஸ்தான சோதிடர் தோற்றார் என்று முடித்துவிடலாமா? நானும் அந்தக் கிழமை அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். பிறகு பழைய தேர்தல்களுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது கதை வேறாகிவிட்டது.

அரண்மனைச் சாத்திரம்

முதலில் ஆஸ்தான சோதிடத்தைப் பார்ப்போம். அதை முன்கணிப்பு என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. அது முகூர்த்தம். கலியாணத்துக்கு நாள் பார்ப்பவரிடம் போய் "இந்தக் கலியாணம் நிலைக்குமா" என்று கேட்கிறவர்கள் குறைவு. எல்லாம் பேசி முடித்த பிறகுதானே நாள் பார்ப்பது? 2014இலும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். ஒருவர் எத்தனை முறையும் ஜனாதிபதியாகலாம் என்று 2010 செப்டம்பரில் 18ஆம் திருத்தம் வழி திறந்துவிட்டது. பதவியேற்று நாலு வருடம் முடிந்தால் முன்கூட்டியே தேர்தல் வைக்கலாம் என்று அன்றைய அரசியலமைப்பு சொன்னது. இரண்டாம் தவணை தொடங்கியது 2010 நவம்பர் 19. நாலு வருடம் முடிந்த மறுநாள் அறிவிப்பு வந்தது. இதற்கு நட்சத்திரம் பார்க்கத் தேவையில்லை, நாட்காட்டி போதும். செப்டம்பரில் நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலில் ஆளும் கூட்டணி 72 சதவீதத்திலிருந்து 51க்கு இறங்கியிருந்தது. இன்னும் பிந்தினால் இன்னும் இறங்கும் என்ற பயம் அரசியல்வாதிக்கு வரத்தான் செய்யும். சோதிடர் கொடுத்தது தைரியம்.

அமெரிக்காவிலும் இந்தச் சரக்கு விலைபோயிருக்கிறது. 1981இல் துப்பாக்கிச் சூட்டில் தப்பிய பிறகு ரொனால்ட் ரீகனின் பயணம், பேச்சு எல்லாவற்றுக்கும் நேரம் பார்த்துக் கொடுத்தவர் ஜோன் குவிக்லி என்ற சோதிடர். ஏற்பாடு செய்தது மனைவி நான்சி. 1988இல்தான் வெளியே வந்து பெரிய பகிடியானது. இலங்கையில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தையே அரசாங்கக் குழுவொன்று அறிவிக்கிற நாடு.

அரண்மனைச் சாத்திரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கெட்ட பலன் சொன்னால் என்ன நடக்கும்? 2009 ஜூனில், யுத்தம் முடிந்த கையோடு, அரசுக்கு ஆகாத காலம் வருகிறது என்று எதிர்க்கட்சிச் சார்புப் பத்திரிகையில் எழுதிய சந்திரசிறி பண்டார என்ற சோதிடரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. 2017இல் ஜனாதிபதி சிறிசேன ஜனவரி 26க்குள் இறந்துவிடுவார் என்று சொன்ன சோதிடரும் கைதானார். அவர் பெயர் விஜித ரோகண விஜேமுனி. எங்கேயோ கேட்ட பெயர் என்று தோன்றுகிறதா? 1987இல் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ராஜீவ் காந்தியைத் துவக்குப் பிடியால் அடித்த அதே கடற்படைச் சிப்பாய்தான். திருக்கணிதப்படி அந்த ஜனவரி 26 சனி தனுசுக்குப் பெயர்ந்த நாள். சனி பெயர்ந்தது, சிறிசேன இருந்தார், சோதிடர் உள்ளே போனார். இப்படியான ஊரில் அரண்மனை வாசலில் நிற்கும் சாத்திரியார் என்ன பலன் சொல்வார் என்பதற்குச் சாத்திரம் தேவையில்லை.

விறாந்தைச் சாத்திரம்

பெரியப்பாவின் கணக்குக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்கு நாற்காலியும் இல்லை, மறியலும் இல்லை. விதி ஒன்றுதான்: பிறந்த ராசிக்குச் சனி எங்கே நிற்கிறது. முதலே சொல்லிவைத்தால் பிறகு சரிபிழை பார்க்கலாம். ஆஸ்தான சோதிடத்தைவிட இது நேர்மையானது.

2010 ஜனவரி 26க்குப் போட்டுப் பார்த்தேன். சனி கன்னியில், மேடத்துக்கு ஆறாமிடம். எதிரியை வெல்கிற இடம். மகிந்த 57.88, சரத் பொன்சேகா 40.15. சரி. 2015ம் சரி. இரண்டுக்கு இரண்டு.

2005 நவம்பர் 17இல் சறுக்கியது. அன்று சனி கடகத்தில், மேடத்துக்கு நாலாமிடம், அர்த்தாட்டமச் சனி. பெரியப்பாவின் விதிப்படி அன்று மகிந்த தோற்றிருக்க வேண்டும். 50.29 சதவீதத்தோடு வென்றார். ரணில் விக்கிரமசிங்க 48.43. இடையில் 180,786 வாக்கு. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேல் வாக்காளர் பதிவாகியிருந்தார்கள். வாக்குப் போட்டவர்கள் 1.21 சதவீதம். புலிகளின் புறக்கணிப்பு அழைப்பு அது. மிச்சப் பேர் போட்டிருந்தால் யார் பக்கம் விழுந்திருக்கும் என்பதில் அன்றும் இன்றும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இதைப் பெரியப்பாவிடம் காட்டினேன்.

"குரு பாத்திருப்பார்," என்றார்.

இதுதான் கோசாரத்தில், அதாவது கிரகம் நிற்கும் ராசியை வைத்துப் பலன் பார்ப்பதில், எனக்குப் பிடிக்காதது. சனி பிழைத்தால் குரு, குரு பிழைத்தால் தசை, தசையும் பிழைத்தால் பிறந்த நேரம் பிழை. நேரம் பிழை என்பது வெறும் சாட்டு இல்லைத்தான். ஹிலாரி கிளின்டன் காலை எட்டு மணிக்குப் பிறந்தாரா இரவு எட்டு மணிக்கா என்று அமெரிக்கச் சோதிடர்கள் வருடக்கணக்காக அடிபட்டார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் லக்கினம் ஏறக்குறைய எதிர்ப்பக்கம் போய்விடும். டொனால்ட் ட்ரம்பின் நேரம் பிறப்புச் சான்றிதழிலேயே இருந்தது, காலை 10.54. அப்படியிருந்தும் 2016இல் அங்கே பெரும்பாலான சோதிடர்கள் கை காட்டியது ஹிலாரியை. 2012இல் நியூ ஓர்லியன்ஸில் கூடிய சோதிடர் மாநாட்டில் மேடையேறிய ஐந்து பேரும் ஒபாமா என்றார்கள், சரியாக வந்தது. அந்த வருடம் பதவியில் இருப்பவர் மீண்டும் வருவார் என்று எங்கள் சலூன்காரரும் சொன்னார்.

கொப்பிக் கணக்கு

அதே 2014 டிசம்பரில் நான் ஒரு சி.ஆர். கொப்பியில் வேறு கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டம், பதிவான வாக்காளர், போன முறை வாக்களித்த வீதம், இந்த முறை எவ்வளவு எதிர்பார்க்கலாம். இதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம், தேர்தல் திணைக்களம் வெளியிட்ட பழைய முடிவுகளும் ஒரு கல்குலேட்டரும் காணும்.

2010இல் மகிந்த முன்னுக்கு நின்றது சுமார் பதினெட்டு இலட்சம் வாக்கால். பெரிய மலைதான். ஆனால் அந்த முறை யாழ்ப்பாணத்தில் வாக்களித்தது 25.66 சதவீதம் மட்டும். 2013இல் வடமாகாண சபைத் தேர்தல் வந்தபோது சனம் வரிசையில் நின்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 இடம் கொடுத்தது. வாக்குப் போடும் பழக்கம் திரும்பிவிட்டது. 2014 ஜூனில் அளுத்கமையில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கிழக்கு யார் பக்கம் போகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஊவா இறக்கத்தை முதலே சொன்னேன். அறிவிப்புக்கு மறுநாள் மகிந்தவின் சுதந்திரக் கட்சியின் செயலாளரே, அதாவது சிறிசேன, எதிர்ப்பக்கம் தாவிவிட்டார்.

இத்தனையையும் கூட்டினாலும் என் கொப்பியில் வெற்றி என்று வரவில்லை. "இழுபறி" என்றுதான் எழுதியிருந்தேன். பெரியப்பாவின் "கவிழும்" போல அதில் கம்பீரம் இல்லை.

ஆனால் முடிவு வந்தபோது அது எங்கிருந்து வந்தது என்று கொப்பி காட்டியது. யாழ்ப்பாணத்தில் சிறிசேன 74.42 சதவீதம், வன்னியில் 78.47, மட்டக்களப்பில் 81.62, திருகோணமலையில் 71.84. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் இம்முறை 66.28 சதவீதம். இந்த நாலு மாவட்டத்திலும் சிறிசேன முன்னுக்கு நின்ற வாக்கை மட்டும் கூட்டினால் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் தாண்டும். நாடு முழுவதற்குமான வித்தியாசமே நாலரை இலட்சம்தான். 2005இல் வீட்டில் இருந்தும் 2015இல் வரிசையில் நின்றும் மகிந்தவின் தலையெழுத்தை எழுதியது இதே சனம். அவருடைய சாதகக் கட்டத்தில் இவர்களுக்கு ஒரு வீடும் இல்லை. எத்தனை பாகை நுணுக்கமாகக் கணித்தாலும் பன்னிரண்டு கட்டத்துக்குள்ளும் நிற்பது வேட்பாளர் ஒருவர்தான்.

கருத்துக்கணிப்பு? கோட்பாட்டளவில் அதுதான் நல்லது, வாக்காளரிடமே கேட்கிறது. ஆனால் 2014இல் சந்திக்குச் சந்தி காவலரண் இருந்த ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் போன் எடுத்து "யாருக்கு வோட்?" என்றால் என்ன பதில் கிடைக்கும்? எங்கள் வீட்டில் கிடைத்திருக்கக்கூடியது: "நாங்கள் உதுகளில ஈடுபடுறேல்லை தம்பி." அமெரிக்காவில் அந்தப் பயம் இல்லாமலேயே 2016இல் விஸ்கொன்சினில் கணிப்பெல்லாம் ஹிலாரியைக் காட்ட, ட்ரம்ப் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டு போனார். அங்கே அலன் லிக்ட்மன் என்ற வரலாற்றுப் பேராசிரியர் பதின்மூன்று கேள்வி வைத்து ஒரு விதி நடத்துகிறார். ரஷ்ய நிலநடுக்க ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 1981இல் செய்தது. ஆறு கேள்வியோ அதற்கு மேலோ பாதகமானால் ஆளும் கட்சி போகும். பல தேர்தல் சரியாகச் சொன்னவர், 2024இல் கமலா ஹாரிஸ் என்று சொல்லிப் பிழைத்தார். அவர் விதியைப் பார்த்தால் எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வரும். ஆனாலும் அதில் பொருளாதாரம், ஊழல், போர் எல்லாம் வருகின்றன, சனி வருவதில்லை.

ஆக என் தெரிவு கொப்பிதான். அதற்கும் கண் தெரியாத இடம் உண்டு என்பதை 2024 காட்டியது. 2019இல் அநுர குமார திசாநாயக்க எடுத்தது 3.16 சதவீதம். பழைய முடிவை வைத்துக் கூட்டிக் கழிப்பவன் அடுத்த முறை எவ்வளவு கொடுப்பான்? பத்து, மிஞ்சினால் பதினைந்து. 2024 செப்டம்பர் 21இல் அவர் எடுத்தது 42.31. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்துபோனதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று என் கொப்பிக்குத் தெரியவில்லை. பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றவனுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் விசித்திரம். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தது 27,086 வாக்கு. சஜித், அரியநேத்திரன், ரணில் மூவருக்கும் பின்னால் நாலாவது இடம். எட்டுக் கிழமை கழித்து நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். அதே மாவட்டத்தில் அவர் கட்சிக்கு 80,830 வாக்கு, மூன்று ஆசனம், முதலிடம்.

பெரியப்பாவுக்குப் போன் எடுத்தேன். இப்போது கண் மங்கிவிட்டது, பஞ்சாங்கத்தைப் பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள். சனி கும்பத்தில், குரு இடபத்தில், இராகு மீனத்தில். அந்த எட்டுக் கிழமையில் ஒன்றும் ராசி மாறவில்லை. இரண்டு பஞ்சாங்கத்திலும்.

"மற்றப் பக்கத்தையும் ஒருக்கா வாசி பிள்ளை," என்று போனுக்கு அந்தப் பக்கம் அவர் சொல்வது கேட்டது.