சைனஸ் ஆபரேஷனுக்குத் திருச்சி போனேன்

டொராண்டோவில் காது மூக்கு தொண்டை ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவே ஏழு மாதம் ஆனது, பார்த்த பிறகு ஆபரேஷனுக்கு இன்னொரு வரிசை. நாலு வருஷமாகத் தலைபாரம், அடைப்பு, வாசனையே தெரியாது. சரி, எப்படியும் ஜனவரியில் ஊருக்குப் போகிறோம், அங்கேயே முடித்துவிடலாம் என்று நாலு வார லீவில் கிளம்பினேன். "காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம் மாப்ளே" என்று மச்சான் போனில் சொன்னதை நம்பினேன். ஆபரேஷன் என்னவோ ஒன்றரை மணி நேரம்தான், அதற்கப்புறம் மூன்று வாரம் மூக்குக்கு ஊழியம் செய்தேன்.

தில்லை நகரில் டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரிட்டர்ன் டிக்கெட் என்னிக்கு சார்?" ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரமாவது விமானம் ஏறக்கூடாதாம், மூன்று என்றால் இன்னும் நல்லதாம். மேலே ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறி, ஆறாத இடத்தில் ரத்தம் வரலாம். அடுத்து, ஸ்பிரேயும் மாத்திரையும் எத்தனை நாள் எடுத்தேன் என்று விசாரித்தார். 12 வாரத்துக்கு மேல் நீடித்து, மருந்துக்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷன் பேச்சே. கனடா பிரிஸ்கிரிப்ஷன்களை எடுத்துப்போனது நல்லதாகப் போயிற்று.

சி.டி. ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, அதற்கும் பின்னால் என்று காற்று நிரம்பிய அறைகள் இருக்கின்றன, அவைதான் சைனஸ், ஒவ்வொன்றிலிருந்தும் மூக்குக்குள் ஒரு சின்ன வாசல். வாசல் அடைத்தால் சளி உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிக்கும். ஊரில் 'மூக்கில் சதை வளர்ந்திருக்கு' என்பார்களே, அந்த பாலிப் எனக்கு இரண்டு பக்கமும். மூக்குத் துவாரம் வழியாகவே கேமரா குழாயை விட்டு, சதையை எடுத்து, வாசலை அகலப்படுத்துவார்கள், முகத்தில் வெட்டு கிடையாது. கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் மாதிரி மெல்லியது, மேலே மூளையின் அடித்தளம். அதனால்தான் கையெழுத்து வாங்கும் தாளில் பார்வை, மூளை நீர்க் கசிவு என்றெல்லாம் எழுதியிருந்தது. அபூர்வம்தான், ஆனாலும் மூக்கில் ஒரு பக்கம் மட்டும் தெளிந்த தண்ணீராகச் சொட்டினால் நடுராத்திரியானாலும் கூப்பிடச் சொன்னார். எடுத்த சதையைப் பூஞ்சை இருக்கிறதா என்று டெஸ்டுக்கு அனுப்புவோம் என்றதும் அம்மாவுக்கு 2021 கருப்புப் பூஞ்சை ஞாபகம் வந்து அழ ஆரம்பித்துவிட்டார். அது வேற இது வேற என்று புரியவைக்க அரை நாள். அதற்கப்புறமும், நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பற்றுப் போட்டால் போகிறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குடா என்றார்.

பில் விஷயம். 70,000 என்று சொன்ன பேக்கேஜ் 94,000-இல் முடிந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளேடு, மூக்குக்குள் அடைத்து வைக்கும் பேக், எடுத்த சதைக்கான பயாப்ஸி டெஸ்ட் எல்லாம் 'தனி சார்'. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், ஆனால் எது எது சேரும் எது சேராது என்று முதலிலேயே தாளில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பி நான் பட்டது போதும். கனடா இன்ஷூரன்ஸ் இதற்குச் செல்லாது, எல்லாம் கைக்காசு.

வலியைவிடப் பெரிய அவஸ்தை பேக். மூக்கு முழுக்க ஸ்பாஞ்ச், வாயால்தான் மூச்சு, உதடு காய்ந்து வெடித்து, இரண்டு ராத்திரி மூன்று தலையணையில் சாய்ந்தபடி ஈரத்துணியைச் சப்பிக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் நர்ஸ் "ஒரு நிமிஷம் சார், மூச்சை இழுத்து விடுங்க" என்று இழுத்தபோது முட்டிக்குள்ளிருந்து உருவுவது போல வந்துகொண்டே இருந்தது. அப்புறம் மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மணும், குனிந்து பெட்டி தூக்கக்கூடாது. தினம் நாலைந்து தடவை உப்புநீரால் கழுவணும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் ஏறும். எட்டாம் நாளும் பதினேழாம் நாளும் போய்ப் பொருக்கைச் சுத்தம் செய்துகொண்டேன். இதை விட்டுவிட்டால் உள்ளே ஒட்டிக்கொண்டு மறுபடி அடைத்துவிடுமாம். அதனால் இரண்டு வார லீவில் வருகிறவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

பாலிப் திரும்ப வளரலாம், ஸ்பிரே தொடரணும், வாசனை மெதுவாக வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார். நான் போய் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தேன்.