சீரியல் டிரைவர்: ஒவ்வொரு பைட்டாகவா, மொத்தமாகவா?
லினக்ஸில் சீரியல் போர்ட் வழியாக வந்த பைட்டை டிடிஒய் ஃபிளிப் பஃபரில் (ரீட் செய்யும் புரோகிராமுக்குப் போகும் முன் கெர்னல் பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம்) போட டிரைவருக்கு இரண்டு வழி. டிடிஒய்_இன்செர்ட்_ஃபிளிப்_கேர் என்ற ஃபங்ஷன் ஒவ்வொன்றாகப் போடும், கூடவே பாரிட்டி பிழையா (சரிபார்ப்பு பிட் பொருந்தவில்லை), பிரேக்கா (லைன் ஒரு பைட் நேரத்துக்கு மேல் கீழ்நிலையிலேயே கிடப்பது) என்ற அடையாளத்தையும் ஒட்டிவிடும். 16550ஏ மாதிரி 16 பைட் ஃபிஃபோ (வந்த வரிசையிலேயே வெளியே தரும் சின்ன பஃபர்) உள்ள சீரியல் சிப்பில் பைட்டுக்குப் பைட் லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை (சிப் பிழைகளைக் காட்டும் இடம்) பார்த்தாக வேண்டும் என்பதால் அங்கே இதுதான் சரி. 115200 பாடில் (நொடிக்கு அத்தனை பிட்; ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டோடு பைட்டுக்கு 10 பிட்) நொடிக்கு 11520 பைட்தானே, வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

டிடிஒய்_இன்செர்ட்_ஃபிளிப்_ஸ்ட்ரிங் மொத்தமாக நகலெடுக்கும். டிஎம்ஏ-வுக்கு (சிபியு ஒவ்வொரு பைட்டாக எடுக்காமல் ஹார்ட்வேரே மெமரியில் போட்டுவிடும் முறை) இதுதான். ஆனால் எல்லாம் 'நார்மல்' என்றே பதிவாகும், கெட்ட பைட் எது என்று மேலே யாருக்கும் தெரியாது. அப்புறம், அது திருப்பித் தரும் எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள்: கொடுத்ததைவிடக் குறைவாக இருந்தால் பஃபரில் இடமில்லை, மீதியை அப்படியே விட்டால் போயே போச்சு.

எதுவானாலும் கடைசியில் டிடிஒய்_ஃபிளிப்_பஃபர்_புஷ்ஷைக் கூப்பிடாவிட்டால் ரீட் செய்யும் புரோகிராம் சும்மா காத்துக்கிடக்கும்.