ஆபீஸ் வேலைக்கு ஜிமெயில்: ஒரு மெர்ச்சண்டைசரின் அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அதாவது பையருக்கும் (சரக்கு வாங்குபவர்) கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) கலர் ஓகே ஆவது, பிபி சாம்பிளில் (தயாரிப்பு தொடங்கும் முன் தைத்துக் காட்டும் மாதிரி) கை நீளத்தை அரை இன்ச் குறைக்கச் சொல்வது, ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போவது எல்லாமே மெயிலில்தான். கம்பெனி பெயரில் முகவரி வைத்து, பணம் கட்டிப் பயன்படுத்தும் ஜிமெயிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேடல் ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். போன மாதம் ஒரு பையர், நேவி கலர் அவர் ஒப்புக்கொண்டது இல்லை என்று ஒரே பிடியாக நின்றார், இங்கே பெட்டியெல்லாம் கட்டி முடித்தாயிற்று. தேடல் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் குறியைத் தட்டி அவர் முகவரி, ஸ்டைல் நம்பர் (அந்த டிசைனுக்கான எண்), தேதி போட்டேன். அந்த நேவிக்கு 'ஆப்ஷன் பி அப்ரூவ்ட்' என்று ஐந்து மாதத்துக்கு முன்பு அவரே எழுதிய ஒற்றை வரி வந்தது. அந்த மெயிலுக்கே பதில் போட்டேன், மறுநாள் சரக்கு கிளம்பியது. போனில் சொன்ன ஓகே என்றால் எங்கே போய்த் தேடுவது?

அப்புறம் அன்டூ சென்ட், அனுப்பு என்று தட்டிய மெயிலை உடனே நிறுத்தும் வசதி. முதலில் 5 நொடிதான் இருக்கும், செட்டிங்ஸில் போய் இன்றே 30 ஆக்கிவிடுங்கள். போன மெயிலை அது திரும்ப இழுத்து வருவதில்லை, அத்தனை நொடி அனுப்பாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எங்கள் லாபக் கணக்கோடு இருந்த காஸ்டிங் ஷீட்டை (அடக்க விலைக் கணக்கு), அவசரத்தில் முதலாளிக்குப் பதில் பையர் முகவரிக்குத் தட்டிவிட்டேன். கை நடுங்க அன்டூவை அழுத்தியது இன்னும் மறக்கவில்லை.

நேரம் குறித்து அனுப்பும் வசதியும் நல்லது. கோடையில் ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்கு 12.30. ராத்திரி எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

குறையும் உண்டு. ஒரு மெயிலும் அதன் பதில்களும் சேர்ந்து நிற்கும் ஒரே தொடரில் 100 மெயில் தாண்டினால் மீதி தனித் தொடராகப் பிரிந்துவிடும். யாராவது சப்ஜெக்டை மாற்றினாலும் அப்படித்தான். பெரிய ஆர்டரில் 100 எல்லாம் சாதாரணம், பாதிப் பேச்சு ஓரிடத்தில், மீதி வேறிடத்தில் என்று கிடக்கும். 25 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல், கூகுள் டிரைவ் லிங்காகத்தான் போகும், பையருக்குத் திறக்க அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, ஒரு ஸ்டைலுக்கு ஒரே சப்ஜெக்ட், அதில் ஸ்டைல் நம்பரும் பி.ஓ. நம்பரும் (பையர் தரும் ஆர்டர் எண்) கட்டாயம் இருக்கட்டும் என்பதுதான்.