முதலாளி காப்பீடு எடுக்கவில்லையென்றால்: கலிபோர்னியாவின் அரசு நிதியம் பற்றி ஒரு மதிப்பீடு

ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்கிறது கலிபோர்னியாச் சட்டம். எடுக்காத முதலாளிக்கு 10,000 டாலருக்குக் குறையாத அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் உணவகச் சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிக் கை வெந்தவருக்கு, முதலாளி தண்டிக்கப்படுவதால் மருத்துவச் செலவு தீர்ந்துவிடாது. அதற்காகவே மாநிலத் தொழிலுறவுத் துறை, காப்பீடற்ற முதலாளிகளிடம் வேலை செய்தோருக்கான, யு.இ.பி.டி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதியத்தை நடத்துகிறது. தீர்ப்பான தொகையை முதலாளி 10 நாளுக்குள் கட்டவில்லையென்றால் நிதியம் அதைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலிக்க முனைகிறது.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரிக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு, நிரந்தர ஊனத்துக்கான தொகை என இதன் வரம்பு தாராளமானதுதான். அபராதத்தையும் வட்டியையும் நிதியம் தராது. குடியேற்ற ஆவணம் இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்பதை இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

குறை, நிதியத்தை வழக்குக்குள் கொண்டுவரும் முறையில் இருக்கிறது. இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் மனுப் போட்டால் மட்டும் போதாது. முதலாளியின் சட்டப்படியான பெயரைச் சரியாகக் கண்டறிந்து, வழக்கு அறிவிப்பை முறைப்படி அவரிடம் சேர்ப்பித்து, அதற்கான சான்றையும் காட்டிய பிறகே நிதியத்தைத் தரப்பினராகச் சேர்க்க முடியும். கடைப் பலகையில் ஒரு பெயரும் பதிவேட்டில் வேறொரு பெயருமாகத் தொழில் நடத்தி, விபத்துக்குப் பின் கடையையே மூடிவிடும் முதலாளியை, கையில் கட்டுப் போட்டிருப்பவர் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவின் வட்டார அலுவலகங்களில் இருக்கும் தகவல் உதவி அலுவலர்கள் படிவங்களை நிரப்பும் விதத்தை இலவசமாக விளக்குவார்கள்; ஆனால் அவர்கள் தொழிலாளியின் வழக்கறிஞர்கள் அல்லர். அறிவிப்பைச் சேர்ப்பிக்கும் கட்டத்துக்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்வதே நல்லது. முன்பணம் கேட்காமல், கிடைக்கும் தொகையில் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடு வரை, நீதிபதி ஒப்புதலுடன் பெற்றுக்கொள்வதே வழக்கம். முதலாளிக்குக் காப்பீடு இருந்ததா என்பதை டபிள்யூ.சி.ஐ.ஆர்.பி. எனப்படும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு மதிப்பீட்டு அமைப்பின் இணையதளம் வழியே யாரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். வழக்கு நடக்கும் காலத்தில் மாநில ஊனக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். சம்பளச் சீட்டின்றி ரொக்கமாகக் கூலி வாங்கியவர்களுக்கு அந்த வழி அவ்வளவு எளிதன்று.

இவற்றோடு, காப்பீடற்ற முதலாளி மீது உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம். அங்கே முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்றே சட்டம் முதலில் கொள்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டி அவர் தப்பவும் முடியாது. வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க இடமிருப்பதால், சொத்துள்ள முதலாளியாக இருந்தால் இந்த வழிக்கே அதிக மதிப்பெண் தருவேன். வெறுங்கையுடன் நிற்கும் முதலாளி என்றால் நிதியத்தைத்தான் நம்ப வேண்டும்; வாரியத்தில் மனுப் போடுவதற்குப் பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டே அவகாசம்.