கேமியோ கெமிக்கல்ஸ்: கலக்கும் முன் கட்டாயம் பாருங்கள், ஆனால் பச்சையோடு நின்றுவிடாதீர்கள்

ரசாயனம் கையாளும் இடத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் கேமியோ கெமிக்கல்ஸ் என்ற இந்த ரசாயனத் தகவல் ஆப்பை மொபைலில் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நோவா (கடல், வளிமண்டல ஆய்வு), இ.பி.ஏ. (சுற்றுச்சூழல் பாதுகாப்பு) என்ற இரண்டு அரசு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் இலவச சேவை இது. பதிவு செய்யச் சொல்லித் தொல்லை இல்லை, ஆப்பை இறக்கிவிட்டால் சிக்னல் வராத ஸ்டோர் ரூமிலும் ஓடும்.

இதில் நான் அதிகம் பயன்படுத்துவது, இரண்டு பொருளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லும் பகுதியைத்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் நாம் ஹைப்போ என்கிறோமே, சோடியம் ஹைப்போகுளோரைட், அதையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டையும் பட்டியலில் சேர்த்தால் கட்டம் சிவப்பாகிவிடும், என்ன வாயு வரலாம் என்பதும் கூடவே வரும். குளோரின் என்று அங்கே பார்த்த பிறகு, கழிவறை கழுவுகிறவர் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா இருக்க முடியாது, ஏனென்றால் அந்த வாயுவை நிறைய சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம், அதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

டேங்கர் லாரியின் பின்னால் இருக்கும் ஐ.நா. எண்ணை, அதாவது ஆபத்தான சரக்குக்கு உரிய நான்கு இலக்க அடையாள எண்ணை, போட்டும் தேடலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1789, ஹைப்போகுளோரைட் கரைசல் 1791. இரண்டு எண்ணும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள், மாறிப்போவது சுலபம். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் ஆட்சிசன் ஊரில், லாரியில் வந்த சல்பியூரிக் ஆசிட்டை ஹைப்போ டேங்குக்குப் போகும் குழாயில் மாட்டிவிட்டார்கள்; இரண்டு குழாய் வாயும் பக்கத்தில் பக்கத்தில், பார்க்க ஒரே மாதிரி. கிளம்பிய நச்சுப் புகையால் 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். அதனால் லாரி வாசலுக்கு வந்த பிறகு மொபைலை எடுத்துப் பிரயோஜனமில்லை, எந்த டேங்க் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்னாடியே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

சரி, குறைக்கு வருகிறேன். இரண்டிரண்டாகத்தான் பார்க்கும், எவ்வளவு ஊற்றுகிறீர்கள், எவ்வளவு சூடு என்பதெல்லாம் கணக்கில் வராது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் பச்சை. தின்னரில் வரும் கரைப்பான்களான டொலுவீனையும் சைலீனையும் போட்டால் பச்சை வரும், அதாவது இரண்டுக்கும் நடுவே ஆபத்தான வினை இல்லை, அவ்வளவுதான். பெயிண்ட் அடிக்கிற இடத்தில் தின்னர் கலக்குகிறவர் இரண்டு ஆவியையும் சேர்த்தே சுவாசிக்கிறார் என்பதை அந்தப் பச்சை சொல்லாது. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இரண்டுக்கும் 8 மணி நேர வரம்பு 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு. காற்றில் இது 60, அது 60 என்று இருந்தால் தனித்தனியாக இரண்டும் பாஸ். ஆனால் இரண்டுமே நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை, ஆகவே 60/100 + 60/100 என்று கூட்ட வேண்டும், 1.2 வருகிறது, 1-ஐத் தாண்டினாலே வரம்பு மீறல்தான். பசை ஒட்டும் வேலையில் இன்னும் மோசம்: பசையில் வரும் என்-ஹெக்ஸேன் என்ற கரைப்பான் கை கால் நரம்பைக் கெடுக்கும், கூடவே எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற இன்னொரு கரைப்பான் இருந்தால் அந்தப் பாதிப்பு அதிகமாகும், சாதாரணக் கூட்டல்கூட அங்கே போதாது. இதற்கெல்லாம் எம்எஸ்டிஎஸ் என்கிற பாதுகாப்புத் தகவல் தாளில், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் 3-ஆம் பகுதியையும், வரம்புகளைச் சொல்லும் 8-ஆம் பகுதியையும் எடுத்துக்கொண்டு நீங்கள்தான் உட்கார வேண்டும்.

அப்புறம், லேபிள் இல்லாத பாட்டிலில் வரும் லோக்கல் ஆசிட், வெறும் 'தின்னர்' என்று எழுதிய டின், இவற்றுக்கு இந்த ஆப்பால் ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று சப்ளையர் எழுதிக் கொடுக்கும்வரை அதை வாங்காமல் இருப்பதே மேல்.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஐந்துக்கு நான்கு ஸ்டார் தருகிறேன், குறைத்த ஒன்று இதற்காக. வாளியைக் கையில் பிடித்திருப்பவர் படிக்க முடியாத எச்சரிக்கையால் அவருக்கு என்ன பயன்? சிவப்பு வந்த ஜோடிகளை மட்டும் எடுத்து, தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் அடித்து, ஸ்டோர் கதவில் ஒட்டிவையுங்கள்.