கையில் இணைப்பா, கழுத்தில் குழாயா? டயாலிசிஸ் நோயாளரின் அழற்சியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கிழமைக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலரிடம், காய்ச்சலோ சீழோ இல்லாமலேயே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் குருதிப் புரதமான சி.ஆர்.பி.யின் அளவு மாதக்கணக்கில் உயர்ந்து நிற்பதுண்டு. வெளியே தெரியாத இந்த அழற்சியால் ஈரல், இரும்புச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. இரும்புச்சத்து சேமிப்பிலேயே அடைபட்டுக்கொள்வதால், செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் எரித்ரோபொயிற்றின் ஊசி போட்டும் ஈமோகுளோபின் ஏறாது. அதே அழற்சியால் அல்புமின் என்ற குருதிப் புரதம் இறங்கும், இதய நோயின் ஆபத்தும் கூடும். இயந்திரத்துக்குப் போகும் நீரின் தூய்மை, வடிகட்டி, பல் ஈறு எனக் காரணங்கள் பல. ஆயினும் நோயாளரும் குடும்பத்தினரும் முன்கூட்டியே தீர்மானிக்கக்கூடியது, குருதியை எந்த வழியால் எடுத்துத் திருப்பிச் செலுத்துவது என்பதே.

மணிக்கட்டருகே நாடியையும் (தமனி) நாளத்தையும் (சிரை) தைத்து இணைக்கும் ஃபிஸ்டியூலா முறையை 1966இல் நியூயோர்க்கில் பிரெஸ்சியா, சிமினோ ஆகியோரும் அவர்களது சகாக்களும் வெளியிட்டனர். அதன் பெரிய பலம், உடலுக்குள் அந்நியக் குழாய் எதுவும் தங்குவதில்லை என்பதுதான். ஊசி கழற்றியதும் தோல் மூடிக்கொள்கிறது. குறை என்னவென்றால், நாளம் தடித்து ஊசி தாங்க ஆறு வாரமாவது வேண்டும், பலருக்கு இரண்டு மூன்று மாதமும் செல்லும், சிலருக்கு முதிர்வதேயில்லை.

கழுத்து நாளத்தினூடாக இதயத்தின் வலது மேலறை வரை இறக்கி, மார்புத் தோலின் கீழால் வெளியே எடுக்கப்படும் குழாயான நிரந்தரக் கதீற்றரை, வைத்த அன்றே பயன்படுத்தலாம். அவசரத்தில் அது உயிர் காக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு நாளுக்குள்ளேயே அதன் சுவரில் நுண்ணுயிர்ப் படலம் படியத் தொடங்கிவிடுகிறது. அப்படலத்துக்குள் அன்ரிபயோற்றிக் இலகுவில் ஊடுருவாது. கிருமி குருதியில் பரவாத நோயாளரிடமும் ஃபிஸ்டியூலா உள்ளவரைவிடச் சி.ஆர்.பி. கூடுதலாகவே காணப்படுகிறது. குழாய் வெளிவரும் இடத்தில் போடும் கட்டு நனையக்கூடாது; யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலோ அது வியர்வையில் ஊறும். கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையோடு ஊற்றிக் குளிப்பவருக்கு அந்தப் பழக்கம் அன்றோடு நிற்கும். நல்லூரில் மேலாடையின்றி மணலில் அங்கப்பிரதட்சணம் செய்ய நேர்ந்துகொண்டவர் அதையும் விட்டுவிட வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது, கைத் தோலின் கீழ் நாடியையும் நாளத்தையும் செயற்கைக் குழாயால் இணைக்கும் ஒட்டு. இரண்டு மூன்று வாரத்தில் பயன்படும்; கதீற்றரைவிடத் தொற்றுக் குறைவு, ஃபிஸ்டியூலாவைவிடக் கூடுதல். அது அடைத்துப்போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கைக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய ஒட்டு, வலியோ வீக்கமோ காட்டாமலேயே அழற்சியை ஊட்டிக்கொண்டிருக்கக்கூடும். காரணம் பிடிபடாத சி.ஆர்.பி. உயர்வில் முதலில் தேட வேண்டிய இடங்களுள் அதுவும் ஒன்று.

எண்களைப் பார்க்கும்போது ஒரு நிதானம் வேண்டும். கதீற்றரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் பிந்தி வந்தவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்கள். ஆகவே இரு சாராருக்கும் இடையே தெரியும் வேறுபாடு முழுவதையும் குழாயின் மேல் சுமத்துவது நியாயமன்று. இருந்தும் கதீற்றரைக் கழற்றி ஃபிஸ்டியூலாவுக்கு மாறிய நோயாளரில் சி.ஆர்.பி. இறங்குவதும் அல்புமின் ஏறுவதும் காணப்பட்டிருப்பதால், குழாய்க்கும் பங்குண்டு என்றே கொள்கிறேன்.

ஃபிஸ்டியூலாவே எல்லோருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பலவீனமான இதயம் அதன் கூடுதல் குருதியோட்டத்தைத் தாங்காது. நூல்போல மெலிந்த நாளம் உள்ள முதியவரை மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது கொடுமை. 2019இல் திருத்தப்பட்ட அமெரிக்க வழிகாட்டலும் ஒவ்வொரு நோயாளரின் வாழ்க்கைத் திட்டத்துக்கேற்பவே வழியைத் தெரிவுசெய்யச் சொல்கிறது. மற்றவர்களுக்கு என் தெரிவு ஃபிஸ்டியூலாதான். அதுவும் டயாலிசிஸ் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியற்றினின் குருதியில் ஏறுகிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்தே, ஃபிஸ்டியூலாவுக்கு வேண்டிய நாளம் கெடாதிருக்க, வழமையாகப் பாவிக்காத கையைக் காட்டி, "இந்தக் கையில் ஊசி போட வேண்டாம், புறங்கையில் குருதி எடுங்கோ" என்று தாதியரிடம் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.